கம்பத்தில் ஒரு குர்ஆன் விளக்க வகுப்பு: மாடியில் உட்கார்ந்து கேட்டவள் எழுதுகிறேன்

குர்ஆனில் அழிந்துபோன ஆது கூட்டம் வருகிறது, ஸமூது கூட்டம் வருகிறது, மத்யன் வாசிகள் வருகிறார்கள், பனூ இஸ்ராயீல் என்ற இஸ்ரவேல் மக்கள் வருகிறார்கள், மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்கள் வருகிறார்கள், மதீனாவின் நயவஞ்சகர்கள் வருகிறார்கள். இத்தனை பேருக்கு நடுவில் கம்பம் பள்ளத்தாக்கில் ஏலக்காய் பொறுக்கிப் பிழைக்கிற ஒருத்திக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை ஒதுக்காமல் எடுத்துப் பேசுகிற வகுப்பு ஒன்று எங்கள் ஊரில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் தொடங்கி, சூரியன் மறைந்ததும் சொல்கிற மஃரிப் பாங்கு (தொழுகை அழைப்பு) வரை. பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாக் கட்டடத்தில் கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். கட்டணம் கிடையாது. போன ரமலான் முடிந்ததிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். உத்தமபாளையம், கூடலூர், மேலே குமுளி என்று பல பக்கமிருந்தும் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போகலாமா என்று மட்டும் கேட்பவர்களுக்கு: கட்டாயம் போங்கள். குறைகள் உண்டு, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நடத்துகிற ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியரை அப்படித்தான் அழைப்போம்) தமிழ்நாட்டில் ஓதியவர், சில வருடம் மலபார் பக்கம் இமாமாக இருந்தவர். அதனால் குமுளி, வண்டிப்பெரியாறிலிருந்து வருகிற மலையாளிகளுக்கு இடையிடையே மலையாளத்திலும் சொல்லிவிடுவார். குரலை உயர்த்த மாட்டார். ஒரு வசனத்தை எடுத்தால், இது யாரைப் பற்றி, எந்தச் சமயத்தில் இறங்கியது என்பதை முதலில் சொல்வார். இதற்கென்றே ஒரு கல்வித்துறை இருக்கிறது, அஸ்பாபுன் நுஸூல், அதாவது வசனங்கள் இறங்கிய காரணங்கள், என்று பெயர். நைசாபூரைச் சேர்ந்த அல்வாஹிதீ (இறப்பு ஹிஜ்ரி 468) இதில் தனி நூலே எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் நான் இங்கேதான் கேட்டேன். சம்பவத்தைச் சொல்லி முடித்ததும், அந்த ஆட்கள் செய்த காரியம் என்ன என்று பிரித்துக் காட்டுவார். பிறகு அந்தக் காரியத்தை நம் தெருவில் தேடச் சொல்வார்.

முதல் பாடமாக அவர் எடுத்தது கவ்லா பின்த் ஸஃலபா அவர்களின் வழக்கு. கணவர் அவ்ஸ் கோபத்தில், “நீ எனக்கு என் தாயின் முதுகைப் போல” என்று சொல்லிவிட்டார். அந்தக் கால அரபு வழக்கப்படி அதோடு அந்தப் பெண்ணின் வாழ்க்கை முடிந்தது, விவாகரத்தும் இல்லை, மனைவியும் இல்லை. கவ்லா நபி (ஸல்) அவர்களிடம் போய் வாதாடினார். அல்முஜாதலா அத்தியாயத்தின் தொடக்கமே அந்தப் பெண்ணின் முறையீட்டை அல்லாஹ் செவியேற்றுவிட்டான் என்பதுதான். ஒரு வீட்டுச் சண்டையில் இறங்கிய வசனம். ஆனால் அதில் வந்த சட்டம், ஓர் அடிமையை விடுவிப்பது, முடியாவிட்டால் தொடர்ந்து 2 மாதம் நோன்பு, அதுவும் முடியாவிட்டால் 60 ஏழைகளுக்கு உணவு என்பது, அப்படிச் சொல்கிற எல்லாக் கணவனுக்கும்தான். காரணம் ஒருவருடையதாக இருந்தாலும் சொல் பொதுவாக இருந்தால் அதன் ஆணையும் பொது என்று சட்ட அறிஞர்கள் விதி வகுத்திருக்கிறார்கள். ஹஜ்ரத் வகுப்பு முழுவதையும் இந்த விதியின் மேல்தான் கட்டியிருக்கிறார்.

இனி மத்யன். எனக்கு இந்த வகுப்பு பிடித்துப்போனதற்கு இந்தப் பாடம்தான் காரணம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மத்யன் என்பது அரேபியாவின் வடமேற்கில், அகபா வளைகுடாவுக்குக் கிழக்கே, வணிகக் கூட்டங்கள் போய்வருகிற பாதையில் இருந்த பகுதி. அங்கே அனுப்பப்பட்ட நபி ஷுஐப் (அலை). அல்லாஹ்வை மட்டும் வணங்குங்கள் என்று சொன்ன அதே மூச்சில் அவர் தராசைப் பற்றிப் பேசுகிறார்: அளவையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுங்கள், மக்களுக்கு அவர்களுடைய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் (7:85, அதாவது 7ஆம் அத்தியாயம் 85ஆம் வசனம்). தராசு சொல்லியாயிற்று, பிறகு பொருள்களைக் குறைக்காதீர்கள் என்று தனியாக எதற்கு? குர்ஆன் விரிவுரையாளர் இமாம் குர்துபீயின் விளக்கத்தை ஹஜ்ரத் எடுத்துச் சொன்னார். சரக்கில் குறை கற்பிப்பது, யாருக்கும் வேண்டாத சரக்கு போல ஆக்கிக் காட்டுவது, மதிப்பை மறைத்து ஏமாற்றுவது, இவையெல்லாம் அதில் அடக்கம்.

இதைக் கேட்டபோது மாடியில் எங்களுக்குள் ஒரு சலசலப்பு. ஏனென்றால் எங்களில் பலரும் ஏலக்காய் குடோனில் வேலை பார்க்கிறவர்கள். பச்சைக் காய் ஏறக்குறைய 5 கிலோ உலர்த்தினால்தான் 1 கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். அதைச் சலித்து, 8 எம்எம், 7 எம்எம் என்று பிரித்து, வெடித்த காய், நிறம் போன காயை ஒதுக்குவோம். தரம் பார்க்க ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அளவையும் நிறுவையும் ஒரே சரக்கில் சேர்ந்து வருகிற தொழில் இது. போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்கிறது. ஆனால் அன்றைக்கே காசு தேவைப்படுகிற சின்ன விவசாயி ஏலத்துக்குக் காத்திருக்க மாட்டார். வண்டன்மேட்டிலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஒரு சாக்கோடு இறங்கி, கடையில் போட்டுவிட்டு, மளிகை வாங்கிக்கொண்டு மலையேறுவார். அவர் சாக்கை அவிழ்த்த நிமிடத்தில் கடைக்காரர் ஒரு கைப்பிடி அள்ளி முகத்தைச் சுளிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நிறம் இல்லை, காயில் எண்ணெய் இல்லை, மார்க்கெட் இறங்கிவிட்டது. தராசு முத்திரை போட்ட தராசுதான், அதில் ஒரு கிராம் குறையாது. குறைவது அதற்கு முன்னாலேயே நடந்துவிடும்.

கீழே உட்கார்ந்திருந்த ஒரு மலைச்சரக்கு வியாபாரி எழுந்து கேட்டார்: “ஹஜ்ரத், வெலய கொறச்சுக் கேக்காம யாவாரம் எப்படிப் பண்றது?”

“கொறச்சுக் கேளுங்க பாய், அது ஒங்க உரிம. தர்றதும் மறுக்கிறதும் அவரு உரிம. ஆனா எட்டு எம்எம் காய ஏழுன்னு சொல்லாதீங்க. நல்ல காய்னு மனசுக்குத் தெரிஞ்சும் மட்டம்னு சொல்லாதீங்க. மத்யன் அங்கதான் ஆரம்பிக்குது.”

அந்த வியாபாரி மறுத்துப் பேசவில்லை. அடுத்த வாரமும் வந்தார் என்பதையும் பதிந்துவைக்கிறேன்.

ஹூத் அத்தியாயத்தில் அந்த ஊரார் ஷுஐபிடம் திருப்பிக் கேட்ட கேள்வி வருகிறது: எங்கள் மூதாதையர் வணங்கியதை விடும்படியும், எங்கள் பொருளில் எங்கள் விருப்பப்படி செய்வதை விடும்படியும் உமது தொழுகையா உம்மை ஏவுகிறது? (11:87). தொழுகை பள்ளியில் இருக்கட்டும், பணம் எங்கள் பெட்டியில் இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் வாதம். ஹஜ்ரத் அந்த வசனத்தில் நெடுநேரம் நின்றார். இன்னொன்றும் காட்டினார். ஷுஐப் (அலை) தன் மக்களிடம், அழிந்துபோன லூத் நபியின் கூட்டத்தார் உங்களுக்குத் தொலைவில் இல்லை என்கிறார் (11:89). அதாவது ஒரு கூட்டத்தின் கதையை இன்னொரு கூட்டத்துக்குப் பாடமாக எடுத்துவைப்பதை நபிமார்களே செய்திருக்கிறார்கள். பிறகு அந்த மத்யன் கதை, மாரிக்கும் கோடைக்கும் பயணம் போய் வியாபாரம் செய்த குறைஷிகள் நடுவில் மக்காவில் ஓதப்படுகிறது. முதல் நாளிலேயே அது அடுத்தவர்களுக்கான பாடமாகத்தான் இறங்கியது. நாம் கடைசியில் வந்து உட்கார்ந்த மாணவர்கள்.

அதிலிருந்து அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்துக்குப் போனோம். வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்று தொடங்குகிற அத்தியாயம். நபி (ஸல்) மதீனா வந்தபோது அவ்வூர் மக்கள் அளவையில் மிக மோசமாக இருந்தார்கள், இந்த வசனங்கள் இறங்கிய பின் அளவையைச் சீராக்கிக்கொண்டார்கள் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது இப்னு மாஜா என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. என் பக்கத்தில் இருந்த அக்கா என் தொடையில் தட்டி, “நம்ம மொதலாளிய இங்க கூட்டிட்டு வந்து ஒக்கார வைக்கணும்டி” என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினோம்.

ஹஜ்ரத்துக்கு அது கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னது இமாம் மாலிக் தொகுத்த முவத்தா நூலில் வரும் ஒரு செய்தி. கலீஃபா உமர் (ரலி) ஒருவரைப் பார்க்கிறார், அஸர் தொழுகைக்கு அவர் வரவில்லை. ஏன் என்று கேட்க அவர் ஏதோ காரணம் சொல்கிறார். “நீர் அளவில் குறைத்துவிட்டீர்” என்கிறார் உமர். எல்லாவற்றிலும் நிறைவாகத் தருவதும் உண்டு, குறைத்துத் தருவதும் உண்டு என்று இமாம் மாலிக் அதோடு சேர்த்துச் சொல்கிறார். தராசு பிடிக்கிறவருக்கு மட்டும் என்று நாங்கள் நினைத்த வசனம் தொழுகிறவருக்கு வந்துவிட்டது, நாள் கூலிக்கு வேலை பார்க்கிறவருக்கும் வந்துவிட்டது, மாமியாரை மருமகளும் மருமகளை மாமியாரும் எடைபோடுகிற வீட்டுக்கும் வந்துவிட்டது. அதே நேரத்தில் முதலாளிமாரின் கணக்கை ஹஜ்ரத் தள்ளுபடி செய்யவுமில்லை. கூலிக்காரரின் கூலியைப் பிடிப்பது மத்யன் வேலைதான் என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். இரண்டையும் ஒரே மாலையில் சொல்ல ஒரு நேர்மை வேண்டும்.

பனூ இஸ்ராயீல் பற்றிய வசனங்கள் வரும்போது பல பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். யூதர்கள் இப்படி, கிறிஸ்தவர்கள் அப்படி என்று ஏசி முடித்து, நாம் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவோம். இங்கே அது நடப்பதில்லை. அல்லாஹ் இறக்கியதைக் கொண்டு தீர்ப்பளிக்காதவர்கள் பற்றிய வசனம் (5:44) பனூ இஸ்ராயீலுக்குத்தானே என்று ஒருவர் சொன்னபோது நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) குத்தலாகச் சொன்ன பதிலை விரிவுரையாளர் தபரீ பதிந்திருக்கிறார். பனூ இஸ்ராயீல் உங்களுக்கு எவ்வளவு நல்ல சகோதரர்கள், கசப்பெல்லாம் அவர்களுக்கும் இனிப்பெல்லாம் உங்களுக்குமாக இருந்தால்! அவர்கள் போன வழியிலேயே நீங்களும் போவீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். நான் அதைக் குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

நபித்தோழர் அபூதர் (ரலி) கதையும் அதே வரிசைதான். தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்துவைத்து அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதவர்கள் பற்றிய வசனம் (9:34), குருமார்களையும் துறவிகளையும் பற்றிப் பேசிய வாக்கியத்தைத் தொடர்ந்து வருகிறது. ஷாமில் (சிரியா பகுதியில்) ஆளுநராக இருந்த முஆவியா (ரலி), இது வேதக்காரர்களான யூத, கிறிஸ்தவர்களைப் பற்றியது என்கிறார். அபூதர், “நம்மைப் பற்றியும் அவர்களைப் பற்றியும்” என்கிறார். அந்தக் கருத்து வேறுபாட்டின் தொடர்ச்சியில்தான் அபூதர் மதீனாவுக்கு வெளியே ரபதா என்ற இடத்தில் போய்த் தங்கினார் என்று அவர் வாயாலேயே சொன்னதை புகாரி ஹதீஸ் தொகுப்பில் படிக்கலாம். வசனம் யாருக்கு என்ற கேள்வி ஒரு மனிதரின் இருப்பிடத்தையே மாற்றியிருக்கிறது. நான் நகைச்சீட்டுக் கட்டுகிறவள். அந்தப் பாடம் முடிந்து வீட்டுக்குப் போய் ஜகாத் (கட்டாயத் தருமம்) கணக்கை உட்கார்ந்து எழுதினேன்.

தோட்டக்காரர்கள் கதை (68:17 முதல்) எங்கள் பக்கத்துக்கு மிகவும் பொருந்தும். ஏழைகள் வருவதற்குள் விடியற்காலையில் பறித்துவிட வேண்டும் என்று சத்தியம் செய்தவர்களின் தோட்டம் இரவோடு இரவாக அழிந்தது. யமனில் ஸன்ஆவுக்கு அருகே நடந்தது என்று இப்னு கஸீரின் குர்ஆன் விரிவுரையில் ஒரு குறிப்பு. பன்னீர் திராட்சை வெட்டு நடக்கிற ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஆனால் ஹஜ்ரத் இதை அவசரமாக முடித்துவிட்டார், இன்னொரு வாரம் கொடுத்திருக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை வகுப்பின் மிகப் பெரிய சேவை வேறொரு இடத்தில் இருக்கிறது. பொதுவாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அவர் கற்றுக்கொடுக்கிறார். கீழே ஓர் இளைஞன் கைப்பேசியில் வந்த துண்டு வீடியோ ஒன்றைச் சொல்லி, அத்தவ்பா (9ஆம்) அத்தியாயத்தின் போர் வசனங்கள் முஸ்லிம் அல்லாத எல்லாருக்கும் எக்காலத்துக்கும்தானே என்று கேட்டான். ஹஜ்ரத் அவனையே எழுந்து நின்று தமிழாக்கத்தை வாசிக்கச் சொன்னார். உடன்படிக்கையில் எந்தக் குறையும் வைக்காதவர்களுக்கு அதன் தவணை வரை நிறைவேற்றுங்கள் (9:4). இணைவைப்பவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் (9:6). இவர்கள்தான் சத்தியங்களை முறித்தார்கள், முதலில் தொடங்கியதும் இவர்கள்தான் (9:13). பையன் வாசிக்க வாசிக்கக் குரல் தாழ்ந்துகொண்டே போனது. “இதுல பொதுவான பாடம் எது தம்பி?” என்று ஹஜ்ரத் கேட்டார். “கொடுத்த வாக்குதான், ஹஜ்ரத்” என்றான். அந்தப் பையனை அவர் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

காஃபிர்கள் (இறைமறுப்பாளர்கள்) பற்றி இறங்கிய வசனங்களை எடுத்து முஸ்லிம்கள் மேல் போட்டவர்கள் என்று கவாரிஜ் என்ற ஆரம்பகாலத் தீவிரப் பிரிவினரை இப்னு உமர் (ரலி) கண்டித்ததையும் அன்றுதான் சொன்னார். செயலைத் தேடி நம்மிடம் கொண்டுவருவது ஒன்று, ஆளைத் தேடி அவர் தலையில் கட்டுவது வேறொன்று. குர்ஆனே ஒரு கூட்டத்தை மொத்தமாக நிறுப்பதில்லை. வேதக்காரர்கள் எல்லாரும் சமமல்லர் (3:113). ஒரு பொற்குவியலை நம்பிக் கொடுத்தாலும் திருப்பித் தருபவர் அவர்களில் உண்டு, ஒரே ஒரு தீனாரைக்கூட, தலைமேல் நின்றால் ஒழியத் தராதவரும் உண்டு (3:75). மதீனாவில் பனூ உபைரிக் வீட்டுத் திருட்டு விவகாரத்தில், பழியைக் குற்றமற்றவர் மேல் போட நடந்த முயற்சியை அந்நிஸா அத்தியாயம் (4:105 முதல் 112 வரை) கண்டிக்கிறது. பழி சுமத்தப்பட்டவர் ஒரு யூதர் என்று பல தஃப்ஸீர்களில் (குர்ஆன் விரிவுரைகளில்) வருகிறது. நம்ம ஆள் என்பதற்காகப் பரிந்து பேசாதே என்று வானத்திலிருந்து வந்த கட்டளை அது.

என்னோடு காய் பொறுக்குகிறவர்களில் பாதிப் பேர் இந்துக்கள், மலையிலிருந்து சரக்கு கொண்டுவருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செய்வதையும் அல்லாஹ் தடுக்கவில்லை (60:8) என்பது இங்கே தினசரித் தேவை. இதைப் பள்ளிவாசல் மாடியில் கேட்கிற பெண் காலையில் குடோனுக்குப் போய் இன்னும் நிமிர்ந்து உட்காருவாள். என் மகனை இந்த வகுப்புக்கு அனுப்புவதற்கு இது ஒன்றே எனக்குப் போதும்.

தடுக்கப்பட்ட சனிக்கிழமையில் மீன் பிடித்த கடலோர ஊர் (7:163 முதல்) பற்றிய வகுப்பும் நன்றாக இருந்தது. மீறியவர்கள், தடுத்தவர்கள், எதற்கு இவர்களுக்கு உபதேசம் என்று ஒதுங்கியவர்கள் என மூன்று தரப்பு. தடுத்தவர்கள் தப்பினார்கள், மீறியவர்கள் பிடிபட்டார்கள், ஒதுங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று வசனம் சொல்லவில்லை. அதை நினைத்து இப்னு அப்பாஸ் (ரலி) அழுதிருக்கிறார். அவர்களும் மனத்தால் வெறுத்தவர்கள்தானே, தப்பியிருப்பார்கள் என்று மாணவர் இக்ரிமா வாதாடியதும் மகிழ்ந்து அவருக்கு இரண்டு ஆடைகள் கொடுத்தாராம். காய்க்குப் பச்சை நிறம் ஏற்றுகிற வேலை எங்காவது நடந்தால் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் எந்தத் தரப்பு என்று ஒரு பெண் சீட்டில் எழுதி அனுப்பினார். அருமையான கேள்வி. பாங்கு சொல்லிவிட்டார்கள், பதில் வரவில்லை.

குறைகளில் முதலாவது அதுதான். பெண்களின் கேள்விகள் சீட்டாகக் கீழே போகின்றன, கடைசியில் எடுக்கப்படுகின்றன, பாதி வாரம் எடுக்கப்படுவதே இல்லை. கவ்லாவின் முறையீட்டை முதல் பாடமாக வைத்த வகுப்பு இது. நபி (ஸல்) குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது வந்து, கவனிக்கப்படாமல் போன கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்காக அபஸ அத்தியாயம் இறங்கியதை ஹஜ்ரத்தே உருக்கமாக விளக்கினார். கேட்க வந்தவரைக் காத்திருக்க வைக்காதே என்ற பாடம் எங்கள் சீட்டுகளுக்கும் உரியது. பெண்களின் கேள்விகளை முதலில் எடுங்கள், அல்லது மாடிக்கு ஒரு மைக் கொடுங்கள். நிர்வாகத்திடம் நேரிலும் சொல்லியிருக்கிறோம், பார்க்கிறோம் என்றார்கள்.

இரண்டாவது, மாடி ஒலிபெருக்கி. படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்தால் தெளிவாகக் கேட்கும், ஜன்னல் பக்கம் பஸ் சத்தம்தான். மூன்றாவது, வசன எண்கள் வேகமாகப் போகின்றன. ஒரு பக்கத் தாளில் அன்றைய வசனங்களை அச்சடித்துக் கொடுத்தால் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள்கூட வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். சில அரபுக் கலைச்சொற்களுக்கு விளக்கம் இல்லாமல் போய்விடுவதையும் அந்தத் தாள் சரிசெய்யும்.

போக நினைப்பவர்களுக்கு: தமிழாக்கத்தோடு இருக்கிற குர்ஆன் ஒன்று, ஒரு குறிப்பேடு கொண்டு போங்கள். பெண்களுக்குப் பக்கவாட்டில் தனிப் படி இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாம், பின்னால் பாய் விரித்திருப்பார்கள். குமுளியிலிருந்து வருகிறவர்கள் மஃரிப் முடிந்ததும் கிளம்பினால் பஸ்ஸுக்குச் சிரமமில்லை. அடுத்து எடுக்கப்போவது அல்ஹுஜுராத் அத்தியாயம். ஒருவர் கொண்டுவந்த செய்தியை விசாரிக்காமல் ஒரு கூட்டத்தார் மேல் பாய்ந்துவிடாதீர்கள் என்ற 49:6, பனுல் முஸ்தலிக் கோத்திரத்தைப் பற்றி வந்த தவறான தகவலின் பின்னணியில் இறங்கியதாக அறிவிப்புகள் சொல்கின்றன. அதைக் கைப்பேசிச் செய்திகளோடு சேர்த்துப் பேசப்போவதாக ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிற சொந்தக்காரர்கள் உங்களுக்கும் இருப்பார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே வாருங்கள், படிக்கட்டுப் பக்கம் இடம் பிடிக்கலாம்.